பொறி எப்ப விழ வேணும்?

சித்திரைப் புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி சங்கத்துப் பொறுப்பாளர்கள் மூன்று வருசமாக என்னைக் கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள். நான் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி, உயர்தரம் கணிதப் பிரிவோடு என்ர படிப்பு முடிஞ்சுது, எனக்கென்ன எழுத்து என்று தட்டிக் கழித்து வந்தேன். இந்த முறை "உமக்குத் தெரிஞ்சதை எழுதும், போதும்" என்று சொல்லிப் போட்டார்கள். எனக்குத் தெரிஞ்சது இரும்பும் எண்ணெயும்தான். கதை, கவிதை எதிர்பார்ப்பவர்கள் தயவு செய்து அடுத்த பக்கத்துக்குப் போகலாம். கார் ஓட்டுபவர்கள் கொஞ்சம் நில்லுங்கோ.

வருசம் பிறக்கிற நேரம் எங்கட வீடுகளில் ஒவ்வொரு முறையும் ஒரு வாக்குவாதம் வரும். வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணித பஞ்சாங்கம் இன்னொரு நேரம் சொல்லும். மருத்துநீர் எப்ப வைக்கிறது, கைவிசேஷம் எப்ப குடுக்கிறது என்று அம்மாவும் பெரியம்மாவும் நாடு விட்டு நாடு ரெலிபோனில் பிடுங்குப்படுவார்கள். நான் எழுதப் போவதும் ஒரு நேரத்தைப் பற்றித்தான். ஆனால் இது ஒரு செக்கனை ஆயிரமாகப் பிரிச்சால் அதில் ஒன்று, இரண்டு பங்கு நேரம். கார் எஞ்சினுக்குள் பொறி எப்ப விழ வேணும் என்ற கேள்வி. இந்தக் கேள்வியோடு மனிதர் நூற்றி முப்பது வருசத்துக்கு மேல மினக்கெட்டிருக்கிறார்கள். அதில் எங்கட ஊர் ஆட்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அது ஒரு புத்தகத்திலும் என்ர கண்ணில் படவில்லை. அதுக்காகத்தான் பேனையைத் தூக்கினேன்.

முதலில் விசயத்தைச் சொல்லிப் போடுகிறேன். பெற்றோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்ரன் மேலே போய் அமுக்கும். அந்த நேரம் பிளக்கில் ஒரு பொறி விழும். கலவை எரிஞ்சு விரிஞ்சு பிஸ்ரனைக் கீழே தள்ளும். அதுதான் காரின் சக்தி. பலர் நினைப்பது பொறி விழுந்த உடனே 'டமார்' என்று வெடிக்கும் என்று. அப்படி இல்லை. வருசத்துக்குக் கொளுத்துற வெடியின் திரி மாதிரி, நெருப்பு ஒரு பக்கத்தில் பிடிச்சு மற்றப் பக்கம் போய்ச் சேர நேரம் எடுக்கும். ஏறத்தாழ 2 மில்லி செக்கன் என்று வைச்சுக்கொள்ளுங்கோ. எஞ்சின் நிமிசத்துக்கு 1000 சுற்று சுற்றினால் அந்த 2 மில்லி செக்கனுக்குள் அது 12 பாகை திரும்பி விடும். 3000 சுற்று என்றால் அதே நேரத்துக்குள் 36 பாகை. வேகம் கூடினால் கலவையும் உள்ளுக்குச் சுழன்று கொஞ்சம் கெதியாக எரியும். ஆனபடியால் கணக்கு இவ்வளவு நேராக வராது. ஆனாலும் விசயம் விளங்கும்: எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற, பிஸ்ரன் உச்சிக்கு வர முதலே, முந்தி முந்திப் பொறியைப் போட வேணும்.

பிந்திப் போட்டால் பலன் இல்லை. நெருப்பு சைலன்சர் குழாய்க்குள் போய் எரியும், குழாய் காயும். மிச்சம் முந்திப் போட்டால் மேலே வந்துகொண்டிருக்கிற பிஸ்ரனின் தலையில் சம்மட்டியால் அடிச்ச மாதிரி. அந்தச் சத்தத்தை எங்கட மெக்கானிக்மார் 'நொக் பண்ணுது' என்பார்கள். தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரிக் கேட்கும். அப்படியே ஓட விட்டால் பிஸ்ரன் ஓட்டையாகிப் போகும்.

ஜேர்மனியில் கொட்லீப் டெய்ம்லர் செய்த ஆரம்ப எஞ்சின்களில் பொறியே இல்லை. ஒரு சின்னக் குழாயை வெளியில் இருந்து நெருப்பால் சிவக்கக் காய்ச்சுவார்கள், கலவை அதில் பட்டுப் பிடிக்கும். எப்ப பிடிக்குது என்பது கடவுளுக்கு வெளிச்சம். கார்ல் பென்ஸ் பற்றறியும் கொயிலும் வைச்சுப் பொறி போட்டார். ஆனால் அந்தக் காலத்துப் பற்றறி கெதியில் இறங்கிப் போகும். 1897 இல் றொபேட் பொஷ் தன்ர மக்னெற்றோவை ஒரு டி டியோன்-பூட்டோன் மூன்று சில்லு வண்டியில் பூட்டினார். மக்னெற்றோ என்றால் எங்கட சைக்கிள் டைனமோவின் மூத்த சகோதரம். காந்தம் சுற்றும், மின்சாரம் வரும், பற்றறி தேவையில்லை. 1902 இல் அவரோட வேலை செய்த கொட்லொப் ஹொனோல்ட் உயர் அழுத்த மக்னெற்றோவைச் செய்து முடிச்சார். அமெரிக்காவில் சாள்ஸ் கெற்றறிங் என்பவர் பற்றறி, கொயில், பொயின்ற் எல்லாம் சேர்த்து ஒரு ஒழுங்கு செய்து 1910 ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களுக்குக் குடுத்தார். அந்தப் பொயின்ற் முறைதான் பிறகு அறுபது வருசத்துக்கு மேல உலகம் முழுக்க ஓடினது. எங்கட அப்பாமாரின் கார்களிலும் அதுதான்.

சரி, பொறி வந்தாச்சு. ஆனால் அதை முந்தவும் பிந்தவும் யார் செய்கிறது? தொடக்கத்தில் சாரதிதான். 1908 இல் இருந்து 1927 வரை வந்த போர்ட் மொடல் ரி காரில் ஸ்ரியறிங்குக்குக் கீழ இரண்டு பக்கமும் இரண்டு தடி இருக்கும். வலது பக்கத் தடி காபரேற்றருக்கு, இடது பக்கத் தடி பொறிக்கு. ஸ்ராட் பண்ணும்போது பொறியைப் பிந்தி வைக்க வேணும். மறந்து போய் முந்தி வைச்சுக் கைபிடியைச் சுற்றினால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதறும். எத்தனையோ பேரின் கை முறிஞ்சிருக்கிறது. ஓடும்போது வேகத்துக்கு ஏற்ப அந்தத் தடியை ஏற்றி இறக்க வேணும். அந்தக் காலத்துச் சாரதிக்கு எஞ்சினின் சத்தம் காதில் இருக்க வேணும் என்பதைக் கவனியுங்கோ. பிறகு இந்த விசயத்துக்குத் திரும்பி வருவேன்.

பிறகு அந்தத் தடியைச் சாரதியிடம் இருந்து எடுத்து டிஸ்ரிபியூட்டருக்குள் வைச்சார்கள். இரண்டு சின்ன இரும்புக் கட்டிகள், இரண்டு ஸ்பிறிங். எஞ்சின் வேகமாகச் சுற்ற, ராட்டினத்தில் தொங்குகிற பெட்டி வெளியே போகிற மாதிரி அந்தக் கட்டிகள் வெளியே விரியும், பொறி முந்தும். அதோட எஞ்சின் உறிஞ்சுகிற காற்றின் இழுவையால் அசைகிற ஒரு சவ்வும் வைச்சார்கள். பாரம் இல்லாமல் மெல்லமாக ஓடும்போது சிலிண்டருக்குள் போகிற கலவை ஐதாக இருக்கும், ஆறுதலாக எரியும். அப்ப இன்னும் கொஞ்சம் முந்த வேணும். அதை அந்தச் சவ்வு பார்த்துக்கொள்ளும். இரண்டு ஸ்பிறிங்கும் ஒரு சவ்வும் சேர்ந்து ஒரு கணக்குச் செய்கிறது. கொம்பியூட்டர் என்ற சொல் வீடு வீடாக வர முதலே எல்லாருடைய காருக்குள்ளும் ஒரு கொம்பியூட்டர் இருந்தது என்றுதான் நான் சொல்லுவேன்.

ஆனால் அந்த இரும்புக் கொம்பியூட்டருக்கு ஒரு குறை. அது ஒரு வகை எண்ணெய்க்குத்தான் கணக்குத் தெரிஞ்சது. எண்ணெய் மாறினால் அதுக்குத் தெரியாது.

இப்ப யாழ்ப்பாணத்துக்கு வருவோம்.

1990 ஆனியில் சண்டை திரும்பவும் தொடங்கின பிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்ததும், பெற்றோலும் பற்றறியும் தடைப் பட்டியலில் இருந்ததும் உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்ப எனக்கு நடக்கத் தொடங்கின வயசு. குப்பி விளக்கும், சைக்கிளைக் கவிட்டுப் போட்டு டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டதும்தான் என்ர சின்ன வயசு ஞாபகம். என்ர மாமா, அம்மாவின் தம்பி, ஒரு கராஜ் வைச்சிருந்தார். கராஜ் என்றால் ஒரு புளிய மரமும் நாலு தகரமும். மண்ணெண்ணெயில் கார் ஓட்டுற வித்தையை அவர் எங்க படிச்சார் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "தோட்டத்தில" என்றார்.

உண்மைதான். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணி இறைக்கிற மெசின்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடும். அதில் ஒரு சின்னத் தாங்கி, ஒரு பெரிய தாங்கி. சின்னதில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெய். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடாகின பிறகு திருகை மற்றப் பக்கம் திருப்பி விடுவது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, சூட்டில்தான் ஆவியாகும். துலா மிதிச்ச காலம் முடிஞ்ச பிறகு பிறந்த ஒவ்வொரு தோட்டக்காரனுக்கும் தெரிஞ்ச விசயம் இது. தடை வந்த நேரம் மெக்கானிக்மார் அந்த அறிவைத் தூக்கிக் காருக்குள்ளும் மோட்டார் சைக்கிளுக்குள்ளும் வைச்சார்கள். சிரிஞ்சியால் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் அடிச்சுத் தள்ளி ஸ்ராட் பண்ணுவது. வெள்ளைப் புகை, கண் எரிவு, பின்னுக்குச் சைக்கிளில் வாறவனின் பேச்சு, எல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாதது, மண்ணெண்ணெயை ஊற்றினால் மட்டும் கார் ஓடாது என்பது. மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது. பெற்றோலை விடச் சுலபமாக, தன்பாட்டில் பற்றி நொக் பண்ணும். ஆகவே பொறியைப் பிந்தி வைக்க வேணும். எவ்வளவு பிந்தி? அதுதான் வித்தை. மிச்சம் பிந்தினால் எஞ்சின் கொதிக்கும், இழுக்காது. போதாமல் பிந்தினால் பிஸ்ரன் போகும். அந்தக் காலத்தில் ஒரு பிஸ்ரன் போனால் காரே போன மாதிரித்தான்.

மாமா செய்தது இதுதான். டிஸ்ரிபியூட்டரின் கழுத்தில் இருக்கிற ஆணியை இளக்கி, உள்ளே றோட்டர் எந்தப் பக்கம் சுற்றுதோ அந்தப் பக்கம் டிஸ்ரிபியூட்டரை ஒரு நூல் திருப்புவார். அப்ப பொறி பிந்தும். பிறகு பரிசோதனை. யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், பனை மரம்தான் உயரம். ஏற்றத்தில் போனால்தான் நொக் பண்ணுதா என்று தெரியும். அதுக்கு மாமா கராஜில் நிற்கிற பெடியள், தேத்தண்ணிக் கடையில் இருக்கிறவர்கள் எல்லாரையும் காருக்குள் ஏற்றுவார். எட்டுப் பேர், ஒன்பது பேர். நான் மடியில். மெல்லமாகப் போய்க்கொண்டு கியரை மாற்றாமல் ரொப் கியரிலேயே வைச்சு ஒரேயடியாக அமுக்குவார். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேணும். "கதையாதேங்கோ, அது கதைக்குது" என்பார். கூழாங்கல் சத்தம் கேட்டால் திரும்பவும் இறங்கி இன்னும் ஒரு நூல். அவருக்கு வலது காது கேட்காது, குண்டு விழுந்த அதிர்ச்சியில் போனது. கராஜில் ஸ்குறூ டிறைவரின் இரும்புப் பக்கத்தை எஞ்சினில் வைச்சு, பிடியை இடது காதில் வைச்சுக் கேட்பார்.

ஏ-போர்ட்டி சோமசெற் மாதிரிக் கிழட்டுக் கார்கள்தான் மண்ணெண்ணெயில் நல்லா ஓடின, புது ஜப்பான் கார்கள் முரண்டு பிடிச்சன என்று ஊரில் கதைப்பார்கள். அதுக்குப் பழைய இரும்பு நல்லது என்று ஒரு விளக்கமும் சொல்லுவார்கள். இரும்பு இல்லைக் காரணம். 1952 இல் இருந்து 1954 வரை வந்த சோமசெற்றின் அமுக்க விகிதம் 7 க்குப் பக்கம்தான். பிறகு வந்த கார்களில் அது 8, 9 என்று ஏறிவிட்டது. அமுக்கம் குறைஞ்ச எஞ்சின் கெட்ட எண்ணெயைப் பொறுத்துப் போகும். மாமாவுக்கு இந்த எண்கள் ஒன்றும் தெரியாது. ஆனால் எந்தக் காரை ஒப்புக்கொள்வது, எதைத் திருப்பி அனுப்புவது என்று தெரியும்.

2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டினபோது எனக்குப் பதினெட்டு வயசு. பெற்றோல் திரும்பவும் அருமையாகப் போனது. உயர்தரம் படித்துக்கொண்டு பின்னேரங்களில் மாமாவின் கராஜில் நின்றேன். அப்பதான் அவரின் டிஸ்ரிபியூட்டர்களில் ஒன்றைக் கண்டேன். கழுத்தில் அரத்தால் இழுத்த இரண்டு கோடு. ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் 'பெ', மற்றதுக்குப் பக்கத்தில் 'ம'. பெற்றோல் கிடைச்சால் 'பெ' கோட்டுக்குத் திருப்பு, இல்லாவிட்டால் 'ம' கோட்டுக்குத் திருப்பு. பிளக்கின் இடைவெளி அளக்க அவரிடம் அளவுத் தகடு இல்லை, உடைஞ்ச இரும்பறுக்கும் வாள் அலகைத்தான் வைச்சுப் பார்ப்பார். அதன் தடிப்பு ஓரங்குலத்தின் ஆயிரத்தில் இருபத்தைந்து என்று இங்க வந்து அளந்து பார்த்தேன். மொறிஸ் மைனர் புத்தகத்தில் சொல்லியிருக்கிற பிளக் இடைவெளியும் அதேதான். கண்டென்சர் செத்தால் பழைய றேடியோவில் இருந்து கழட்டினதைக் கட்டி விடுவார்.

இங்கிலாந்துக்கு வந்து பல வருசம் வேறு வேலைகள் செய்து, கடைசியில் உலோக உதிரிப்பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்க கடைசல் பகுதியில் ஓய்வு பெறுகிற வயசில் ஒரு வெள்ளைக்காரர் எனக்கு வேலை பழக்கினார். அவரிடம் ஒரு மொறிஸ் மைனர் நிற்கிறது. கார் பைத்தியம். ஒருநாள் சாப்பாட்டு நேரம் நான் எங்கட மண்ணெண்ணெய்க் கார்களின் கதையைச் சொன்னேன். நம்ப மாட்டார், சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தன்ர தகப்பனின் பண்ணையில் இருந்த பழைய பேர்குசன் ட்ராக்ரரும் அப்படித்தான் என்றார். இங்கத்தைய பழைய ட்ராக்ரர்களுக்கு மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த ஒரு எண்ணெய் விற்றிருக்கிறார்கள். இரண்டு தாங்கி, ஒரு திருகு, பெற்றோலில் ஸ்ராட் பண்ணிச் சூடாகின பிறகு திருப்புவது. அச்சு அசல் எங்கட இறைப்பு மெசின். அமுக்க விகிதத்தைக் கிட்டத்தட்ட 5 க்கு இறக்கி அந்த எஞ்சினைக் கொம்பனியே செய்து குடுத்தது. 1974 இல்தான் அந்த எண்ணெய் விற்பனையை நிற்பாட்டினார்கள்.

பிறகு அவர் அந்த ட்ராக்ரரின் கைநூலைக் கொண்டு வந்து காட்டினார். எல்லாம் படத்தோடு அச்சடிச்சு இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்க ஒரு பக்கம் சந்தோசம், ஒரு பக்கம் வயித்தெரிச்சல். நாங்கள் இல்லாத கொடுமைக்குச் செய்த கோமாளி வேலை என்று நான் வெட்கப்பட்டு மறைச்ச விசயம், இவர்களுக்கு ஒரு முறையான தொழில்நுட்பம். வித்தியாசம் என்ன என்றால், இவர்களிடம் கைநூல் இருக்கிறது. எங்களிடம் அரத்தால் இழுத்த இரண்டு கோடு.

அந்த மைனரில்தான் எங்கட வேலை தொடங்கினது. அதின் டிஸ்ரிபியூட்டர் தேய்ஞ்சு, அச்சு ஆடி, பொறி ஒரு இடத்தில் நில்லாமல் அலைந்தது. புதுசு வாங்கிப் போடலாம். அவருக்குக் கொம்பியூட்டரால் செய்து பார்க்க ஆசை, எனக்கு அதை விட ஆசை.

இதுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. திரான்சிஸ்ரர் வந்த பிறகு 1960 களில் பொயின்றின் பாரத்தை அதுக்குக் குடுத்தார்கள். வீட்டில் இருந்து செய்கிறவர்களுக்கும் அது கைக்கு எட்டினது. 1970 இல் வயர்லெஸ் வேர்ல்ட் சஞ்சிகையில் ஒரு மின்னணுப் பொறி முறையின் முழு விபரமும் வந்தது. அதைப் போன்றவற்றைப் பார்த்து இங்க எத்தனையோ பேர் குசினி மேசையில் வைச்சு ஈயம் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் அவை பொறியைப் பலமாக்கினவையே தவிர நேரத்தை முடிவு செய்தது பழைய இரும்புக் கட்டிகளும் ஸ்பிறிங்கும்தான். கிறைஸ்லர் கொம்பனி 1973 இல் தன்ர கார்கள் எல்லாத்திலும் பொயின்றைத் தூக்கி எறிஞ்சது. 1977 இல் அமெரிக்க ஓல்ட்ஸ்மொபில் ரொறொனாடோ காரில்தான் மைக்குறோபுறொசெசர் ஒன்று பொறி விழுகிற நேரத்தைக் கணக்குப் பார்த்தது. 1979 இல் பொஷ் நிறுவனம் மோட்ரோனிக் என்ற பெயரில் பெற்றோலையும் பொறியையும் ஒரே பெட்டிக்குள் வைச்சு பி.எம்.டபிள்யூ 732ஐ காருக்குக் குடுத்தது. அதோட வித்தை பெட்டிக்குள் பூட்டுப்பட்டது. வீட்டில் செய்கிறவனுக்குக் கதவு சாத்தியாச்சு என்று நினைச்சார்கள்.

கதவைத் திறந்தது காயலான் கடை. போர்ட் கொம்பனி 1990 அளவில் தன்ர கார்களில் டிஸ்ரிபியூட்டர் இல்லாத 'எடிஸ்' என்ற ஒரு பெட்டியை வைச்சது. அந்தக் கார்கள் கழிவுக்கு வர, பெட்டியும் மலிவாகக் கிடைச்சது. 2001 இல் புறூஸ் போலிங், அல் கிறிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் மெகாஸ்குவேர்ட் என்ற பெயரில் வீட்டில் செய்யக்கூடிய எஞ்சின் கொம்பியூட்டரை எல்லாருக்கும் விபரத்தோடு குடுத்தார்கள். அதைத் தழுவி எடிஸ் பெட்டிக்குப் பொறி நேரம் மட்டும் சொல்லுகிற சின்னப் பலகைகளும் வந்தன. நாங்கள் அந்த வழியில்தான் போனோம். கொம்பியூட்டருக்கு மட்டும் ஆடினோ பலகை ஒன்றை வாங்கி நானே எழுதினேன்.

எப்படி வேலை செய்யுது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சினின் முன் புல்லியில் ஒரு பற்சில்லு. 36 பல்லுக்கு இடம், அதில் ஒரு பல் இல்லை. ஒரு பல்லுக்கு 10 பாகை. பல் இல்லாத இடம், முதலாம் பிஸ்ரன் உச்சிக்கு வர 90 பாகைக்கு முன் காந்த உணரியைக் கடக்கும். அதை வைச்சு எஞ்சின் எங்க நிற்குது என்று எடிஸ் அறிஞ்சுகொள்ளும். வேகத்தை எங்கட பலகைக்குச் சொல்லும். பலகை தன்ர அட்டவணையில் பார்த்து "இத்தனை பாகை முந்து" என்று திருப்பிச் சொல்ல வேணும். சொல்லுகிற பாசை ஒரு மின்துடிப்பின் நீளம். 1536 மைக்குறோ செக்கன் நீளம் என்றால் முந்தல் பூச்சியம். ஒவ்வொரு பாகைக்கும் 25.6 குறைக்க வேணும். 10 பாகைக்கு 1280, 30 பாகைக்கு 768. உயர்தரத்தில் படிச்ச கணிதம் இதுக்குத் தாராளம்.

பற்சில்லைத் தொழிற்சாலையில் வேலை முடிஞ்ச பிறகு மேற்பார்வையாளரின் அனுமதியோடு வெட்டினோம். அட்டவணைக்குப் பழைய டிஸ்ரிபியூட்டரையே வாத்தியாராக வைச்சோம். ரைமிங் லைற்றைப் பிடிச்சு, புல்லியில் வெள்ளைக் கோடு போட்டு, 1000 சுற்றில் எவ்வளவு, 2000 இல் எவ்வளவு என்று எழுதினேன். 8, 18, 26, கடைசியில் 30 அளவில் நின்றது. இரும்புக் கட்டிகள் ஐம்பது வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்த கணக்கை நான் கொப்பியில் எழுதி எடுத்தேன்.

முதல் நாள் மானம் போனது. எஞ்சின் ஸ்ராட் ஆனது, ஆனால் இழுக்கவில்லை. பெரியவர் மூக்கைச் சுளித்து ஏதோ தீய்ந்த மணம் என்றார். குனிஞ்சு பார்த்தால் புகைக் குழாய் மெல்லச் சிவக்குது. நான் 25.6 ஐக் கழிக்காமல் கூட்டி வைச்சிருந்தேன். வேகம் கூடக் கூடப் பொறி முந்துவதற்குப் பதிலாகப் பிந்திக்கொண்டே போயிருக்கிறது. ஒரு கழித்தல் குறி. மாமா அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் இரண்டு செக்கனில் நிற்பாட்டச் சொல்லியிருப்பார். நான் பத்து நிமிசம் கொம்பியூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த பிரச்சினை இதை விடக் கரைச்சல். றோட்டில் போகும்போது பலகை திடீர் திடீரென்று செத்துச் செத்துப் பிழைக்கும். இரண்டு கிழமை நித்திரை இல்லை. கடைசியில் பார்த்தால் பழைய செப்புக் கம்பி பிளக் வயர். பொறி விழும் ஒவ்வொரு முறையும் அந்த வயர் ஒரு வானொலி நிலையம் மாதிரி இரைச்சலை வீசும், பலகைக்கு மூளை குழம்பும். தடை உள்ள வயரை மாற்றி, உணரியின் வயருக்கு உறை போட்ட பிறகு சரி. ஆனால் அந்த இரண்டு கிழமையிலும் கார் ஒருநாளும் நடுவழியில் நிற்கவில்லை. எங்கட பலகை பேசாமல் விட்டால் எடிஸ் தன்பாட்டில் 10 பாகையில் நின்று ஓட்டும். சக்தி குறையும், வீட்டுக்குக் கொண்டு போய்ச் சேர்க்கும். அதைச் செய்தவர்கள் மற்றப் பெட்டி ஒருநாள் சாகும் என்று முதலே நினைச்சுச் செய்திருக்கிறார்கள். கராஜில் நின்றவனுக்கு அந்த நினைப்பு நல்லா விளங்கும்.

மைனர் ஒழுங்காக ஓடத் தொடங்கின அன்று மாமாவுக்கு ஊருக்கு வீடியோவில் எடுத்துக் காட்டினேன். கராஜை விட்டுக் கன காலம், இப்ப எழுபதைத் தாண்டி விட்டார். இடது காதும் குறைஞ்சு போச்சு. நான் பற்சில்லு, அட்டவணை எல்லாம் கத்திக் கத்திச் சொன்னேன். கேட்டுக்கொண்டு இருந்து விட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த எண்ணெய்க்கு வைச்சனி?"

பெற்றோலுக்கு என்றேன். "அப்ப மற்றது?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. அந்தப் 'பெ' கோட்டுக்கும் 'ம' கோட்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அந்த டிஸ்ரிபியூட்டர் பழைய இரும்போடு போய்விட்டது. ஆனால் அவர் யோசிக்கவே இல்லை. "அரைத் தீக்குச்சி" என்றார். தீக்குச்சியின் அகலம் 2 மில்லிமீற்றர், பாதி 1 மில்லிமீற்றர். மைனரில் இருந்து கழட்டின டிஸ்ரிபியூட்டரின் கழுத்தை அளந்தேன், சுற்றளவு ஏறத்தாழ 90 மில்லிமீற்றர். அப்ப 1 மில்லிமீற்றர் என்றால் 4 பாகை. டிஸ்ரிபியூட்டர் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால் எஞ்சின் கணக்கில் 8 பாகை. எட்டுப் பேரை ஏற்றி, ஒரு காதால் கேட்டுக் கண்டுபிடிச்ச எட்டுப் பாகை.

பலகையில் இரண்டாவது அட்டவணை ஒன்றை எழுதி, எல்லா இடத்திலும் 8 ஐக் குறைச்சு வைச்சிருக்கிறேன். மாற்றுவதற்கு ஒரு சின்னச் சுவிச். அதுக்கு ஒரு பக்கம் 'பெ', மற்றப் பக்கம் 'ம' என்று எழுதியிருக்கிறேன். இந்த நாட்டில் றோட்டில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினால் வரி ஏய்ப்புக் குற்றம். ஆனபடியால் சுவிச் இன்னும் ஒரு முறையும் 'ம' பக்கம் போகவில்லை. பெரியவர் அந்த எழுத்து என்ன என்று கேட்டார், சொல்லிக் குடுத்தேன். இப்ப கார் கண்காட்சிகளில் வந்து கேட்பவர்களுக்கு அவரே 'ம' என்று உச்சரிச்சுக் காட்டுகிறார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஊரில் 1990 களில் மண்ணெண்ணெயில் கார், வான், மோட்டார் சைக்கிள் ஓட்டினவர்கள், கராஜ் வைச்சிருந்தவர்கள் இந்தச் சங்கத்திலேயே சிலர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். என்ன வாகனம், எந்த எஞ்சின், ரைமிங்கை எவ்வளவு பின்னுக்கு வைச்சீர்கள், காபரேற்றரில் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு துண்டில் எழுதி வருசக் கொண்டாட்டத்தில் என்னிடம் தாருங்கோ. தீக்குச்சிக் கணக்கில் சொன்னாலும் பரவாயில்லை, பாகையாக நான் மாற்றிக்கொள்கிறேன்.